அறுபத்தொன்று

முதல் வருடம் பதினோராயிரம் கண்டல் வித்து நட்டோம்.
கயிறு பிடித்து நேர்கோட்டில்,
பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துவதுபோல.
வித்துக்கு இவ்வளவு என்று கூலி.
படம் எடுத்தார்கள். அதில் நானும் இருக்கிறேன்,
கண்ணை மூடிக்கொண்டு.

மழை முடிந்து போய்ப் பார்த்தால்
பதினோராயிரம் குச்சி.
கின்ட்டா ஒன்றைப் பிடுங்கி முகர்ந்தாள்.
"அடுப்புக்குக்கூட ஆகாது."

காஷேவ் ஆற்றின் இந்தக் கிளையில்
சிப்பி பொறுக்கும் பெண்கள் இருபத்தேழு பேர்.
இருபத்தேழு பேருக்கும் தெரிந்திருந்தது.
கைவிட்ட நெல்வயல் அது,
அணைக்கரைக்குப் பின்னால், ஓதம் ஏறாத இடம்.
நண்டே குடியிருக்காத சேற்றில்
மரம் எப்படிக் கால் ஊன்றும்?
யாரும் கேட்கவில்லை.
நாங்களும் சொல்லவில்லை.
கூலி நாள் அது.

அடுத்த வருடம் பிஸ்ஸாவிலிருந்து வந்த இஸாவுரா
நடுவதற்கு ஒன்றும் கொண்டுவரவில்லை.
நீலப் பெட்டி ஒன்று, அதற்குள் விரல் நீளக் குழல்.
கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு
வெயிலைப் பார்த்துப் பிடிக்கச் சொன்னாள்.
மேலே நீலம், கீழே வெள்ளை,
குழலுக்குள் ஒரு குட்டி அடிவானம்.
அது எந்த எண்ணில் நிற்கிறதோ
அதுதான் உப்பு.

எனக்கு எழுத்து வராது. எண் வரும்;
சந்தையில் சில்லறையில் என்னை யாரும் ஏய்த்ததில்லை.
ஆற்றில் முப்பத்திரண்டு.
வயலில் அறுபத்தொன்று.
மறுநாளும் அறுபத்தொன்று.

கரையை வெட்டவேண்டும் என்றோம்.
ம்பானா குறுக்கே வந்து நின்றான்.
ஒரு காலத்தில் என் வீட்டுக்காரன்,
இப்போது வெறும் ம்பானா.
பதினாறு வயதில் கூட்டாளிகளோடு
மண்வெட்டித் துடுப்பால் எழுப்பிய கரை.
"அதில் என் முதுகு இருக்கிறது" என்றான்.

அவனோடு வாதாடிய அனுபவம் எனக்கு உண்டு.
அதனால் வாதாடாமல் குழலை நீட்டினேன்.
தவறான கண்ணை மூடினான், திருத்தினேன்.
வெகுநேரம் பார்த்தான். நம்பவில்லை.
தகட்டை நக்கினான்.
முகம் சுளித்து, கரையை ஒட்டி நடந்து போய்
ஓரிடத்தில் குதிகாலால் கோடு கிழித்தான்.
"பழைய ஓடை இங்கேதான் இருந்தது.
நாங்கள்தான் வாயைப் பொத்தினோம்."
இஸாவுராவின் வரைபடத்தில்
அந்த ஓடை இல்லை.
பென்சில் எடுத்து வரைந்துகொண்டாள்.

வற்றம் பார்த்துப் பார்த்துப் பத்தொன்பது நாள் வெட்டினோம்.
கடைசிக் கட்டியை யார் எடுப்பது என்று
சிறு சண்டைகூட நடந்தது.
தண்ணீர் பாய்ந்து வரும் என்று நினைத்திருந்தேன்.
புது வீட்டுக்குள் நுழையும் நாய்க்குட்டிபோல
மோந்து மோந்து வந்தது.

ஐம்பத்திரண்டு. நாற்பத்தேழு.
ஒரு மாதம் அசையாமல் நாற்பத்தேழு;
அந்த மாதம் நான் யாரோடும் சரியாகப் பேசவில்லை.
நாற்பத்தொன்று வருமுன்னே
நண்டுகள் வந்துவிட்டன.
அவற்றுக்குக் குழல் தேவைப்படவில்லை.

வித்துகள் தாமே மிதந்து வந்தன,
வரிசை தெரியாதவை.
இங்கே மூன்று, அங்கே ஒன்றுமில்லை,
பள்ளத்தில் ஒரு கும்பல்.

இஸாவுரா கிளம்பும்போது சான்றிதழ் கொடுத்தாள்.
என் பெயரை செகுண்டோ என்று அடித்திருந்தார்கள்.
செகுண்டா அய்யா நான் என்றேன், பெண்.
திருத்தி அனுப்புவதாகச் சொன்னாள்; இன்னும் வரவில்லை.
பெட்டி மட்டும் என்னிடம் இருக்கிறது.

நேற்று அக்கரை ஊரிலிருந்து படகு வந்தது.
அவர்களுக்கு இருபதாயிரம் வித்து வரப்போகிறதாம்.
கயிறுகூட வந்து இறங்கிவிட்டதாம்.
வந்து ஒருமுறை பார்ப்பாயா என்றார்கள்.

வாயை மூடியதற்குக் கூலி வாங்கியவள் நான்.
திறப்பதற்கும் கேட்டேன்:
படகு எண்ணெய்க்குக் காசு, மதியச் சோறு,
அப்புறம் அவர்கள் ஊர் ம்பானா யாரோ,
அவனும் கரையில் வந்து நிற்கவேண்டும்.