போர்டோ

மயில்துத்தம் ஒரு கிலோ,
சுண்ணாம்பு ஒரு கிலோ,
கிணற்றுத் தண்ணீர் நூறு லீற்றர்.
இதற்குப் பெயர் போர்டோ என்று
பதினாறு வருடமாகத் தெரியும் எனக்கு.
அது ஓர் ஊர் என்று தெரியாது.

மரியநேசன்தான் சொன்னான்.
என் மனுசனின் தம்பி,
பாரிசில் கோப்பை கழுவுகிறவன்,
செப்ரெம்பரில் லீவு போட்டுவிட்டுப்
பழம் வெட்டப் போயிருந்தான்.
"அண்ணி, நான் இப்ப போர்டோவில நிக்கிறன்."
"எத்தனை ராங்கி அடிச்சனீ?" என்றேன்.
அவன் சிரித்த சிரிப்பில்
போனின் சார்ஜ் இறங்கிவிட்டது.

பிறகு விளக்கினான்.
அங்கேயும் கடல் கிட்டவாம்,
காற்றில் உப்பாம்.
முந்தி ஒருகாலம்
தெருவோரக் கொடிகளுக்குக் கள்ளர் பயத்தில்
துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளித்தார்களாம்.
கள்ளன் நீலத்தைக் கண்டு விலகிப் போக
கூடவே இலைநோயும் விலகியதாம்.

கபெர்னே, மெர்லோ, பெத்தி வெர்தோ
என்று பெயர்களை அடுக்கினான்.
அச்சுவேலிக் கோயிலின்
ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதினாலும்
ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.
எங்கள் பந்தலில் மூன்று சாதி:
இஸ்ரேல் நீலம்,
கார்டினல், எங்கள் ஆயருக்கும் ஒரு படி மேலே,
மஸ்கட், அது எங்கே என்றால்
மேற்குவீட்டுப் பிரதீபன் லொறி ஓடுகிற இடம்.
எல்லாம் வந்தேறிகள்.
சந்தையில் தவராசா அவற்றைக்
கறுப்பு, சிவப்பு, புளிப்பு என்றுதான் கூப்பிடுவார்.
புளிப்புக்கு விலை பாதி.

"அங்க பனி கொட்டேக்க கொடி நித்திரை கொள்ளும்" என்றான்.
இங்கே ஆர் நித்திரை கொள்ள விடுகிறது?
வருடம் முழுக்க வெயில்,
வருடம் முழுக்கத் தளிர்,
காய்க்க மறந்து தழைத்துக்கொண்டே போகும்.
ஆகவே ஒரு காலையில்
தண்ணீரை நிறுத்தி,
இலை ஒன்றும் மிஞ்சாமல் உருவி,
கத்தரிக்கோலோடு ஏறி நிற்கிறேன்.
இந்தச் செம்மண்ணுக்கு
மாரி என்பது பனியல்ல, நான்தான்.
வெட்டிய நுனியில் இரண்டு நாள் நீர் சொட்டும்.
பதினைந்தாம் நாள் மொட்டு வரும்.
வராத வருடமும் உண்டு.

பழுக்கிற மாதத்தில் கிளி.
கிளிக்கு வலை.
தொண்டைமானாற்றில் கிழிந்து கழித்த வலை,
மீற்றருக்கு விலை பேசி வாங்கியது.
போன கிழமை குலை வெட்டுகையில்
இஸ்ரேல் நீலத்தின் மேல்
ஒரு மீன்செதில் ஒட்டிக் கிடந்தது,
யாரோ அளவெடுத்துக் கண்ணாடி பதித்ததுபோல.
அதை எடுக்க மனம் வரவில்லை.
குலையோடு சேர்த்து நிறுத்துப்போட்டேன்.

விலைபோகாத புளிப்பில்
மார்கழிக்கு மூன்று போத்தல் வைன்.
சீனி, ஈஸ்ற், ஒரு பிடி கோதுமை,
சீலை கட்டிய வாளி, நாற்பது நாள்.
மேலே பிள்ளையின் கொப்பி லேபல்:
பெயர், வகுப்பு, பாடம்
என்ற இடங்களில் ஒன்றும் எழுதவில்லை.

அவர்கள் வைனைச் சப்பிப் பார்த்து
தோல் மணக்குது, புகையிலை மணக்குது,
நனைஞ்ச கல்லு மணக்குது என்பார்களாம்.
கதவைச் சாத்திவிட்டு
நானும் ஒரு மிடறு வாயில் வைத்துப் பார்த்தேன்.
முதலில் சீனி.
பிறகு கிணற்றின் உவர்,
கோடை கடைசியில் கப்பி சத்தமிடும்போது வருகிற உவர்.
பிறகு, பொய் சொல்லவில்லை, வலை.
புகையிலையும் இருந்தது.
அது எதிர்க்காணியிலிருந்து வந்திருக்கலாம்.

இன்று கலவை கரைத்து
கத்தி நுனியைத் தோய்த்துப் பார்த்தேன்.
இரும்பு செம்பாகச் சிவந்தால்
இன்னும் சுண்ணாம்பு வேண்டும்.
சிவக்கவில்லை.
ராங்கியை முதுகில் ஏற்றி
பந்தலுக்குள் குனிந்து போனால்
ரியூசன் பெடியன் ஒருவன்,
தோளில் பை, கையில் குலை,
உதடு முழுக்க நீலம்.
போர்டோவில் பலித்தது இங்கே பலிக்கவில்லை.
"டேய்!" என்று கத்தினேன்.
"அது மருந்தடிச்சது!
பைப் அங்க கிடக்கு,
கழுவிப்போட்டுத் தின்!"