வரிசை

கடைசிப் புல்கட்டை டுவெய்ன் இழுத்தபோது
பின்னால் குரோம் தெரிந்தது.
மெர்க்குரி மான்டரே, அறுபத்து மூன்றாம் வருடத்துது.
அதற்குப் பின்கண்ணாடி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும்,
யாரோ கேள்வி கேட்டதும்
தாடையை இழுத்துக்கொண்டவரைப் போல.

இது திருடுபோன கார், என்றேன்.
பேட்டரி எங்கே கிடைக்கும், என்றான்.

எண்பத்து நான்கு, நவம்பர்.
ஏலக்கூடத்து வாசலில் நிறுத்தினேன், காணோம் என்று
பதினொரு மைல் இருட்டில் நடந்து வந்தார் அப்பா.
தொப்பியில் ஒரு புல் ஒட்டியிருந்தது.
அம்மா அதை எடுத்து, பார்த்து, அடுப்பில் போட்டாள்.
பிறகு ஷெரீஃபுக்கு ஃபோன் செய்தாள்.

காற்று வடிகட்டிக்குள் எலிகள் குடித்தனம் நடத்தியிருந்தன.
இருக்கைப் பஞ்சு, ஒரு பழைய விதைப் பட்டியல்,
பிரேக் டிரம்மில் ஆரஞ்சு நிறத் துரு.
எட்டுத் துளைகளிலும் எண்ணெயும் அசிட்டோனும் ஊற்றி
ஒன்பது நாள் காத்திருந்தோம்.
பத்தாம் நாள் கம்பியைப் போட்டு நெம்பினான்.
அசையவில்லை. நீயும் தொங்கு மார்லிஸ், என்றான்.
ஐம்பத்திரண்டு வயதில், சர்ச் கணக்கு எழுதுகிற நான்,
ஒரு கம்பியின் நுனியில் தொங்கினேன்.
நகத்தளவு திரும்பியது.

பெட்ரோல் தொட்டியில் இருந்தது வார்னிஷ்.
அந்த நாற்றம் என் ரொட்டியிலும் இரண்டு வாரம் இருந்தது.

எண்பத்தெட்டு வறட்சியில் மாடுகளுக்கு
இரண்டு மடங்கு விலையில் லாரி லாரியாகப் புல் வரவழைத்தார்.
கொட்டகையின் வடக்கே கூரை வரை கட்டுகள் நின்றன.
அது பூசணம், என்றார்.
டுவெய்னுக்கு அப்போது பத்தொன்பது. நம்பினான்.
இன்று அந்தக் கட்டுகளில் ஒன்றைப் பிரித்து முகர்ந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்று, ஐந்து, நான்கு, இரண்டு,
ஆறு, மூன்று, ஏழு, எட்டு.
செபமாலை உருட்டுகிறவன்போலச் சொல்லிச் சொல்லி
தீப்பொறி வயர்களைச் செருகினான்.
ஏன் நேர் வரிசையில் இல்லை, என்று கேட்டேன்.
நேராக வெடித்தால் தண்டு முறியும், என்றான்.

படகின் சிவப்பு டப்பாவிலிருந்து குழாய்.
மூன்றாம் முறை இருமியது.
ஏழாம் முறை
புகைக்குழாயிலிருந்து வால்நட் ஓடுகள் பாய்ந்து
கொட்டகைக் கதவில் சடசடவென்று அடித்தன,
எத்தனையோ தலைமுறை எலிகளின் குளிர்காலச் சேமிப்பு.
நீலப் புகைக்குள் தரையில் உட்கார்ந்து சிரித்தான் அண்ணன்,
வாய் நிறையத் திறந்து.
ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கீழ்ப் பற்கள்.

எனக்கு அந்த டிசம்பரில் கம்பி கட்டினார்கள்.
கிராண்ட் ஐலண்டில், டாக்டர் ஸ்வோபோதா, ரொக்கம்.
வங்கிக்காரர்கள் அறுவடை இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு போய்
ஆறு வாரம்தான் ஆகியிருந்தது.
எனக்குப் பதின்மூன்று.
வாயைத் திறக்கச் சொன்னார்கள், திறந்தேன்.

ஓமஹாவுக்கு ஃபோன் செய்தேன்.
அந்தக் கம்பெனியை விழுங்கிய கம்பெனியை
விழுங்கிய கம்பெனி.
அப்படியொரு கோப்பே இல்லை, மேடம்.
கார் என்ன நிறம், என்றாள் அந்தப் பெண், சும்மா.
நீலம், என்றேன்.
நல்ல நிறம், என்றாள்.
ஆயிரத்து நூற்றைம்பது டாலர் காசோலை
இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது.
மூன்றாம் முறை உறைக்குள் காரின் படமும் வைத்தேன்.
படம்கூடத் திரும்பவில்லை.

அப்படியானால் இது உன் கார், என்கிறான் டுவெய்ன்.
ஓட்டுவது அவன்தான்.
எண்பலகை இல்லை. சரளைச் சாலை. ஒரு விளக்குதான் எரிகிறது.
சோளம் அறுத்த வயல்களுக்கு அப்பால் லூப் ஆறு
இருக்கிற இடத்தில் இருக்கிறது.
பின்கண்ணாடிப் பொத்தானை அழுத்துகிறேன்.
பாதி இறங்கி நின்றுகொண்டது. பாதி போதும்.
இருக்கை இடுக்குகளிலிருந்து அப்பாவின் புல்
ஒன்றொன்றாக வெளியே போகிறது.

டுவெய்ன் எஞ்சினுக்குக் காது கொடுத்தபடி முணுமுணுக்கிறான்,
ஒன்று, ஐந்து, நான்கு.
நான் நாக்கால் என் பற்களை எண்ணுகிறேன்,
இடமிருந்து வலம்,
ஒரு பிசகும் இல்லை.