எழுதியாச்சு

தேராவில், கடல்கழிக்குப் பின்சந்தில்
எங்கள் கிளியரிங் அலுவலகம்.
எட்டு டெர்மினல், ஒரே யூனிக்ஸ் பெட்டி,
நூற்றைம்பது மெகாபைட் டிஸ்க்.
வியாழன் மதியம் அது நிறைந்துவிட்டது.
தோணியில் வந்திறங்கிய வெங்காயத்துக்குக்
கணக்கில் இடமில்லை.

"பழைய ரசீதையெல்லாம் அழித்துவிடேன்"
என்றார் குருவிளா.
எண்பத்தேழின் ரசீதுக்காக எண்பத்தொன்பதில்
ஒருவன் கோர்ட்டுக்குப் போனதை மறந்துவிட்டார்.
டேப்பில் அதைத் தேடிய இரவு
என்னுடையது; எனக்கு மறக்காது.

சட்டைப்பையில் கம்பெனிப் பணத்தோடு
அப்ரா ஏறி பர்துபாய் போனேன்.
பெஹ்ரூஸ் இரண்டு டிஸ்க்குகளை
மீன் வைப்பதுபோல் கண்ணாடிமேல் பொத்தென வைத்தான்.
மெதுவாக அப்பா, உள்ளே தலை உரசும் என்று
பதறியது நான்தான்.

முதலாவது ஈஎஸ்டிஐ. அறுநூற்று அறுபது.
மூடிமேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது:
எந்தத் தடத்தில், எந்த முகத்தில்
எழுத்து நிற்காதென்று
பிறந்த இடத்திலேயே அடித்த பட்டியல்.
வரன் பேசும் வீட்டில்
இப்படியொரு தாளை யார் நீட்டியிருக்கிறார்கள்?
அதற்காகவே வாங்கியிருப்பேன்.

இரண்டாவது ஸ்கஸி. ஆயிரத்து இருநூறு.
தன் குறைகளைத் தானே உள்ளுக்குள் மாற்றிக்கொண்டு
பளிச்சென்று இருந்தது.
டேப்பையும் அதே கேபிளில் கோக்கலாம்.
கையில் வாங்கினேன். மூன்று கிலோ இருக்கும்.

என் மகள் பிறந்த எடை.
தந்தியில் வந்தது.

சரி, இதுதான் என்றேன்.
இனி கன்ட்ரோலர்.
"இது ராஜா" என்று ஒரு கார்டை எடுத்தான்,
நாலு மெகாபைட் நினைவு அதன் முதுகில்.
டிஸ்க்கில் விழுவதற்கு முன்பே
எழுதியாச்சு என்று யூனிக்ஸிடம் சொல்லிவிடுமாம்.
அதனால்தான் அந்த வேகமாம்.

கரண்ட் போனால்?

"துபாயில் கரண்ட் போகுமா, நண்பா?"

போகாது. ஆனால்
எங்கள் ஷம்சு கெட்டில் சொருக
கையில் கிடைத்த பிளக்கைப் பிடுங்குவான்.
அந்த நொடியில்
எழுதியாச்சு என்று சொன்னதெல்லாம்
எங்கே இருக்கும்?

எட்டு மாதமாக இத்ரீஸும் அதையேதான் சொல்கிறான்.
குடும்ப விசாவா? எழுதியாச்சு.
ஜவாசாத்திலா? போயாச்சு.
நல்லவன்தான். பொய் சொல்வதாக
அவனுக்கே தெரியாது.
சொல்லி முடித்ததும் அவனுக்கு வேலை முடிந்துவிடுகிறது.

நினைவில்லாத கார்டைக் கேட்டேன்.
எழுதியபின் மட்டும் வாய் திறப்பதை.
பெஹ்ரூஸ் என்னைப் பார்த்த பார்வையில்
குருவிளாவின் கஞ்சத்தனம் முழுக்க என் தலையில்.

வெள்ளி முழுக்கப் பெட்டியின் வயிற்றில் கை.
கெர்னலை மறுபடி கட்டினேன்,
டிஸ்க் தெரியவில்லை. மறுபடி. தெரியவில்லை.
அசர் பாங்கு கேட்டபோதுதான் கண்ணில் பட்டது:
கேபிளின் கடைசியில் இருக்கவேண்டிய டெர்மினேட்டர்
நடுவில் உட்கார்ந்திருந்தது.
என்னையே நாலு வார்த்தை திட்டினேன்,
பெட்டிக்கும் கேட்கும்படி.

பிறகு சுழன்றது.
தொழுகை முடிந்து தெருவில் செருப்புச் சத்தம்,
திரையில் ஒரு நீள எண்,
அத்தனையும் காலியிடம்.
வெங்காயத்தை முதலில் ஏற்றினேன்.

சனிக்கிழமை காலை
வியர்வையைத் துடைத்தபடி படியேறினான் இத்ரீஸ்.
நான் வாய் திறக்குமுன்பே
"எழுதியாச்சு" என்றான்.

ரசீது நம்பர் சொல், என்றேன்,
கீபோர்டை இழுத்துக்கொண்டு.