அரை நூல்

எங்கள் பல்கனிக்கும் வெள்ளவத்தைக் கடலுக்கும் நடுவே
ஒரு ஒழுங்கை, ஒரு தண்டவாளம், கொஞ்சம் தாழை.
ரயில் போகும்போது
மேசையில் வைத்த உளி ஒரு விரற்கடை நகரும்.
ஏழு பத்து வண்டிக்கு முன்
கோடு கீறி முடித்துவிட வேண்டும்.

ஆறடிக்கு மூன்றடி இடம்.
காயும் துணிகளுக்குக் கீழே குந்தியிருந்து அறுப்பேன்.
அம்மாவின் வேலைச் சேலையில் மரத்தூள் படிந்து
வங்கிக் கவுண்டரில் யாரோ தும்மினாராம்.
அதையும் என் குற்றப் பத்திரிகையில் சேர்த்துக்கொண்டாள்.

மொறட்டுவையில் கழிவுத் துண்டுகள் கிலோக் கணக்கில் கிடைக்கும்.
தேக்கென்று தந்ததில் பாதி மலைவேம்பு.
சீவினால்தான் தெரியும்.
பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தால்
கொண்டக்டர் மரத்துக்கும் டிக்கட் கேட்பார்.

முதல் பெட்டிக்கு விலை எழுத
ஒரு பின்னேரம் முழுவதும் போனது.
மரம் முந்நூற்றைம்பது. மண்கடதாசி நூற்றிருபது.
மெழுகு, பஞ்சு, வெட்டின விரலுக்குப் பிளாஸ்டர்.
மணித்தியாலங்களையும் சேர்த்தேன்,
தொகையைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது.
அழித்தேன்.
நடைபாதைச் சந்தையில் இரண்டாயிரத்து நானூறு என்றேன்.
"கீயத, நங்கி?" என்று இரண்டாம் தரம் கேட்டதும்
வாய் தானாகவே ஆயிரத்தெண்ணூறு என்றது.

அன்று அதை வாங்கியவள் இரோமி.
தள்ளித் திறக்கும் மூடியை
இருபது தரமாவது தள்ளிப் பார்த்தாள்.
அந்த வழுக்கலில் எனக்கு அப்படியொரு பெருமை.
காற்றுக்கூட நுழையாது அக்கா என்றேன்,
என் உடைந்த சிங்களத்தில்.

அது மாசி மாதம்.

ஐப்பசியில் ஒரு வியாழன், விடிய ஆறு மணி, தொலைபேசி.
பெட்டிக்குள் இரண்டு மோதிரமும்.
மூடி அசையவில்லை.
பத்துப் பதினேழுக்கு சுபநேரம்.
மாமா சுத்தியலோடு நிற்கிறார்.

சுத்தியலைத் தொட வேண்டாம் என்று கத்தினேன்.
பாடசாலைப் பையைக் கவிழ்த்துக் கொட்டினேன்,
சீவுளியும் மெழுகுதிரித் துண்டும் போட்டுக்கொண்டு
மழைக்குள் ஓட்டோ பிடித்தேன் தெஹிவளைக்கு.
உலோகக் கோல் சூட்டில் விரியும் என்று
பௌதிகவியலில் நாலு பக்கம் படித்திருக்கிறேன்.
மரம் மழையைக் குடித்து வீங்கும் என்று
ஒரு வரி இல்லை.

கல்யாண வீடு முழுவதும் என்னைப் பார்த்தது.
வேலைக்காரர் எங்கே என்று வாசலில் ஒருவர்
என் பின்னால் எட்டிப் பார்த்தார்.
இரோமி பாதித் தலை பின்னி, மீதி விரித்தபடி வந்தாள்.
அலங்காரக்காரியிடம் ஹெயார் டிரையரைக் கேட்டேன்.
மணப்பெண்ணின் கூந்தல் காத்திருக்க
என் பெட்டிக்குக் காற்றுப் பிடித்தோம்,
கால் மணித்தியாலம், பக்கம் பக்கமாக.
பிறகு ஓரத்தில் மரக்கட்டையால் இரண்டு தட்டு.
மூன்றாவது தட்டில்
பல் பிடுங்கின மாதிரி ஒரு முனகல்,
மூடி வந்தது.

விளிம்பில் இரண்டு இழுப்பு இழுத்தேன்.
சுருண்டு விழுந்த சீவலை
ஒரு சின்னப் பையன் எடுத்துக் காதில் செருகிக்கொண்டான்.
சுத்தியல் மாமா பணப்பையைத் திறந்தார்.
கீயத?
சந்தையில் அத்தனை விலை சொன்ன வாய்
அங்கே ஒட்டிக்கொண்டது.
காசுக்குப் பதில் கிரிபத்தும் ஒரு துண்டு கேக்கும் தந்தார்கள்.
சோதனை வகுப்பு தவறியது.
வீட்டில் அதற்குத் தனி வழக்கு.

இப்போது எல்லா மூடிக்கும்
அரை நூல் இடைவெளி விட்டுச் செய்கிறேன்.
கொப்பியில் அதற்கும் ஒரு வரி போட்டேன்,
மரத்துக்கும் மெழுகுக்கும் கீழே: இடைவெளி.
விலை எழுதும் இடம் இன்னும் வெறுமை.

போன சனிக்கிழமை, நல்ல வெயில்.
ஒரு அங்கிள் பெட்டியை எடுத்துக் குலுக்கினார்.
மூடி கடகடவென்றது.
"ஆடுது பிள்ளை, இருநூறு குறையும்."

குறைக்கவில்லை.
மழைக்கு வாங்கோ அங்கிள், பேசுவம் என்றேன்.
வைத்துவிட்டுப் போனார்.
மூன்று கடை தள்ளி நின்று
ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.