நான்கு நொடி

கொலோனில், எரன்ஃபெல்ட் நிலவறை ஒன்றில்
சத்தங்களுக்குக் கூலி வாங்குகிறேன்.
இந்த வாரம் ஒரு டைனோசர்.

காலடிக்கு ஈர மணல் மூட்டை.
தோலுக்கு, துருக்கிக் கடை அன்னாசியை
பழைய தோல்பையில் தேய்த்தது.
எலும்பு முறிய செலரித் தண்டு
(மிச்சம் சூப்புக்குப் போனது).
கர்ஜனைக்குத்தான் மூன்று நாள்:
ரைன் பாலத்தில் பிரேக் பிடிக்கும் சரக்கு ரயில்,
சலவை இயந்திரம் சுழன்று ஓயும் கடைசி நிமிடம்,
அடியில், மிக மெதுவாக ஓடவிட்ட
என் கணவரின் குறட்டை.
அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

"இன்னும் கோபம் வேண்டும்" என்கிறார் டெட்லெஃப்.
இரண்டு கையாலும் காற்றைப் பிய்த்துக் காட்டுகிறார்.
ஆறரைக் கோடி வருஷம் முன்னால் செத்ததற்கு
நம்மேல் என்ன கோபம்?

காட்சி இதுதான்:
மரங்களை ஒடித்துக்கொண்டு வருகிறது,
இரையைப் பார்க்கிறது,
நிற்கிறது,
கேமரா பக்கம் திரும்பி
உள்நாக்கு தெரியக் கத்துகிறது.
அதுவரை இரையும்
மரியாதையாகக் காத்து நிற்கிறது.

எங்கள் தெரு நாய்க்கே தெரியும்,
குரைத்துவிட்டால் அப்புறம்
கடிக்க வேண்டியதில்லை என்று.

மதியம் ஆகனர் குளக்கரையில்
சோற்றுப் பெட்டியைத் திறந்தேன்.
பத்தடி தள்ளி ஒரு சாம்பல் நாரை.
ஒற்றைக் கால்.
யாராவது சைக்கிளைச் சாய்த்து வைத்தாலும்
பேசாமல் இருந்திருக்கும்.
கழுத்து மடிந்திருந்ததைப் பார்த்தேன்.
நீண்டதைப் பார்க்கவில்லை.
அலகுக்கு வெளியே வால் மட்டும்
கொஞ்சம் வாதாடியது.
சத்தம்?
ஒன்றுமில்லை. ஒரு துளி, தண்ணீர்மேல்.
விழுங்கிவிட்டு, மஞ்சள் கண்ணால்
என் புளிச்சோற்றைப் பார்த்தது.
பிறகு என்னை.
அந்தக் கண்ணில் கோபம் இல்லை.
எதுவுமே இல்லை.
பெட்டியை மூடிவிட்டேன்.

திரும்பி வந்து, கர்ஜனையை எடுத்துவிட்டு
நான்கு நொடி காலியாக விட்டேன்.
இலை. எங்கோ சொட்டு.
ஒரு மூச்சு, பாதியில் பிடித்தது, என்னுடையது.

டெட்லெஃப் பார்த்தார்.
மூன்றாம் நொடியில்
முதுகுக்குப் பின்னால் கதவைத் திரும்பிப் பார்த்தார்.
பிறகு சொன்னார்:
"ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது. பழையதைப் போடு."

போட்டேன்.

நவம்பரில் படம் வரும்.
பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.
இருட்டில் என் கணவர் மட்டும்
பாப்கார்னைப் பாதி வழியில் நிறுத்தி,
எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருக்கே என்று
தலையைச் சாய்ப்பார்.