ஆழப் பக்கம்

சிவப்பு நோட்டீசைக் கேற்றில் ஒட்டிவிட்டு
பி.எச்.ஐ. தம்பி போத்தலை வெயிலுக்கு நேரே பிடித்தார்:
"எண்ணிப் பாருங்கோ அக்கா, அவ்வளவும் குடம்பி."
ஒரு மிடறு தண்ணிக்குள்
யாரோ கைதவறிக் கொட்டிய காற்புள்ளிகள்போல நெளிந்தன.
பதினான்கு நாள் தவணை. பிறகு கோட்டுக்கு.
வீட்டுக்காரர் சூரிச்சில்.
திறப்பு என்னிடம்,
ஆகவே நோட்டீசில் என் பெயர்.

மகளின் சாமத்தியத்துக்குக் கட்டிய தடாகம்.
ட்ரோன் மூன்று சுற்றுச் சுற்றியது,
படத்தில் எல்லோரும் பட்டுடுத்திக் கரையில்.
அன்றைக்கு நனைந்தது
வீடியோக்காரனின் இடது சப்பாத்து மட்டும்.
அதன்பின் நான்கு மாரி. சுதுமலையில்
எங்கள் ஒழுங்கைத் தவளைகளுக்கெல்லாம்
ஒரு மாளிகை கிடைத்தது.

பச்சைப்பாசி பாவம்,
குளோரின் தூளைக் கண்டதும் வெளுத்துப்போய்
அடியில் மாவாய்ப் படிந்துவிடும்.
கரும்பாசி அப்படியில்லை.
டைல் இடுக்குச் சீமெந்துக்குள் வேர்விட்டு
மேலே மெழுகுபோல ஒரு தோல் போர்த்திருக்கும்.
மருந்து அதில் வழுக்கிப் போகும்.
முதலில் கம்பித் தூரிகையால் தோலைக் கிழி,
அன்றிரவே மருந்தைப் போடு.
விடிய வந்து பார்,
பக்கத்து இடுக்கில் இன்னொன்று.

"தண்ணியை வடிச்சு விடுங்கோவன், புதுசா நிரப்பலாம்"
என்றது சுகிர்தாவின் குரல், வட்ஸ்அப்பில்.
நான் சொன்னேன்: இது மார்கழி, தங்கச்சி.
கிணத்தில் தண்ணி கைக்கெட்டுது.
தொட்டியை வெறுமையாக்கினால்
கீழேயிருந்து நீர் தள்ளி
தோணிபோல முழுசாய் மேலே வரும்.
வடிக்கிற மருந்துத் தண்ணி எங்கே போகும்?
தேவமலரின் கிணத்துக்குத்தான்.
மதில் ஏழடி.
நிலத்துக்குக் கீழே மதில் இல்லை.

இரண்டு கோடும் நீலமாயின. பதில் இல்லை.
அந்தக் கிழமை நான் கண்ட நீலம் அதுதான்.

மரியநேசன் குருநகரிலிருந்து ஓட்டோவில் வந்தான்.
கடலட்டைக்குக் குளிக்கிறவன்,
கடலுக்குப் போகாத மாதம்.
மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னான்:
"கடல் எண்டால் அசையும் அக்கா. இது யோசிச்சுக்கொண்டு கிடக்குது."
ஒன்பதடி ஆழத்தில் இறங்கிப் போனான்.
தூரிகைச் சத்தம் மட்டும் மேலே வந்தது,
யாரோ வீட்டுக்குள் பல் தீட்டுவதுபோல.
மூச்செடுக்க வரும்போதெல்லாம் ஏதாவது கொண்டுவந்தான்.
ஒற்றைச் செருப்பு.
பூந்தட்டு.
ட்ரோனின் உடைந்த இறக்கை.
கரையில் வரிசையாய் வைத்து
விலை கேட்கிறவன்போல என்னைப் பார்த்தான்.

என் பக்கம் மூன்றடி.
கீரிமலைக்குப் போனாலும் படியிலேயே குந்தியிருக்கிறவள் நான்.
சோட்டி குடைபோல விரிந்து மிதக்க
அதை ஒரு கையால் அமத்தி, மறு கையால் உரஞ்சினேன்.
நாற்பத்தாறு வயதில்
வாளியில் அள்ளாத தண்ணி இடுப்பளவு.
யாருக்கும் சொல்லவில்லை,
மூன்றாம் நாள் இரண்டு காலையும்
ஒன்றாகத் தூக்கிப் பார்த்தேன்.

சோறு குழைத்தாலும் குளோரின் மணம்.
பத்தாம் நாள் தண்ணி பால் கலந்ததுபோல.
பதின்மூன்றாம் நாள் ஆழப் பக்கம்
ஐந்து ரூபாய்க் குற்றியைப் போட்டு
கரையில் நின்றபடியே ஐந்தை வாசித்தேன்.

பி.எச்.ஐ. தம்பி வந்தார்.
தொட்டியில் ஒன்றுமில்லை, கையெழுத்து வைத்தார்.
போகிற போக்கில்
நாங்கள் தூரிகை கழுவிவிட்டு மறந்துபோன
வாளிக்குள் குனிந்தார்.
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
நான் காலால் அதைக் கவிழ்த்தேன்.

நீலப் படத்தை சூரிச்சுக்கு அனுப்பினேன்.
ஒரு மணித்தியாலத்தில் அதே படம்
வேறு யாருடையவோ போனில் எனக்கே வந்தது:
வீடு விற்பனைக்கு, நீச்சல் தடாகத்துடன்.
மூலையில் என் தும்புத்தடியும் தெரிந்தது.

தை பிறக்க, பார்க்க வந்தவர் கேட்டார்,
"பாசி பிடிக்குமோ?"
ஏணியின் மூன்றாம் படிக்குப் பின்னால்
மிளகளவில் ஒன்று இருக்கிறது.
மரியநேசன் மூன்றுதரம் கிழித்தும் போகவில்லை.
திறப்பை மற்றக் கைக்கு மாற்றினேன்.
"நீங்கள் நீந்துவியளோ?" என்றேன்.
அவர் ஆழப் பக்கம் எட்டிப் பார்த்து
ஓரடி பின்னுக்கு வைத்தார்.