மூன்றாம் குழாயின் கணக்கு

சாட் நாட்டின் கிழக்கு விளிம்பு.
டார்பூரில் எரிந்தது போக மிச்சமானவர்கள் நாங்கள்.
ஓர் ஆழ்துளைக் கிணறு, ஒரு ஜெனரேட்டர், ஆறு குழாய்.
மூன்றாவதன் சாவி என் இடுப்பில்.
நோட்டும் என்னிடம்தான்,
கூட்டல் தெரியும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

டீசல் எத்தனை லிட்டர்,
குளோரின் எத்தனை மூடி,
வீட்டுக்கு வாரம் ஐம்பது பிராங்க்.
தராதவர் பெயருக்கு நேரே ஒரு புள்ளி.
புள்ளிக்காரருக்கும் தண்ணீர் உண்டு என்பது
கமிட்டி கூடிப் போட்ட விதி.
அதற்கு நான் கை தூக்கவில்லை.

இருட்டிய பின் யாரும் வெளியே நிற்கக் கூடாது.
கேனை விட்டுப்போனால் விடியும்போது இருக்காது.
எனவே வரிசையில் கல் வைக்கிறார்கள்.
எல்லாக் கல்லும் எனக்கு முகம்போலத் தெரியும்:
செங்கல் துண்டு என்றால் தாவியா,
கரி படிந்தது மஸ்தூரா,
அந்த ஒற்றைச் செருப்பு அஷ்ஷாவின் கல்.
வெள்ளையாய், முட்டைபோல் இருப்பது
ஹலூமாவுடையது.

செவ்வாய் இரவு பிரசவத்தில் போய்விட்டாள்.
புதன் காலை
அவள் கல் பதினேழாம் இடத்தில் இருந்தது.

யாரும் எடுக்கவில்லை.
வரிசை நகர்ந்தபோதெல்லாம்
பின்னால் நின்றவள்
கால் விரலால் அதை மெல்லத் தள்ளினாள்.
கல் குழாயடிக்கு வந்தது.
கை தானாகத் திறந்துவிட்டது.
கேன் இல்லை.
தண்ணீர் கல்மேல் விழுந்து மணலுக்குள் போனது.
ஒருத்தியும் கத்தவில்லை.
ஒரு சொட்டுக்குத் தலைமுடி பிடிக்கிற வரிசை அது.

மாலையில் கமிட்டி.
கல்லை எடுத்துவிடலாம் என்றார் மெக்கானிக்.
'நீங்கள் வந்து எங்கள் கிணறு வற்றியது,
அந்த முறையை எங்களுக்குக் கொடுங்கள்'
என்றாள் உள்ளூர்க்காரி ஸெனபா.
நியாயம்தான்.
குழந்தை பிழைத்திருக்கிறதே என்றாள் தாவியா.
குழந்தைக்கு அட்டை இல்லை,
அட்டை இல்லாவிட்டால் வீடு இல்லை,
வீடு இல்லாவிட்டால் முறை இல்லை
என்று விதியை வாசித்தவள் நான்.
ஸெனபா எழுந்து
என்னை ஒருமுறை பார்த்தாள்.
முடிவு எழுதப்படாமலே கூட்டம் கலைந்தது.

நோட்டில் அன்று
இருபது லிட்டர் இடித்தது.
'கசிவு' என்று எழுதினேன்.

மாதக் கடைசியில் இஞ்சினியர் ஜிம்ராங்கார் வந்தார்,
கசிவு எங்கே என்று கேட்டார்.
மூன்றாம் குழாயைக் காட்டினேன்.
கழற்றிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார்,
நல்ல வாஷரை எடுத்துவிட்டு
புதிது ஒன்று போட்டார்.

தடுக்கவில்லை.
பழையதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்,
ஐந்தாம் குழாய்க்கு ஆகும்.